அரை டிக்கெட்

பிள்ளைகளுக்குக் குடும்பப் பயணத்தில் ஆசை உண்டாக்குவது எப்படி என்று என் மருமகளிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. பெங்களூரில் அவர்கள் குடியிருப்புக்குக் குழந்தை வளர்ப்பு நிபுணர் ஒருவர் வந்து பேசினாராம். அவள் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தாள். எங்கே போவது என்று பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும். போகிற ஊரைப் பற்றி முன்கூட்டியே சொல்லித் தயார்ப்படுத்த வேண்டும். சின்னச் சின்னப் பொறுப்புகள் கொடுக்க வேண்டும். பிடித்த தின்பண்டம் கைவசம் இருக்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது. முக்கியமாக, பிள்ளை சந்தோஷமாக இருக்கிறதா என்று அடிக்கடி கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததாகக் கொஞ்சம் மரியாதையும் வந்தது. பட்டியல் என்ற ஒன்றையே மளிகைக் கடைக்கு மட்டும் எழுதிய என் அப்பாவும் அம்மாவும், இதில் கடைசி வரியையும் முதல் வரியையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்திருக்கிறார்கள். எங்களை மகிழ்விக்க வேண்டும் என்ற எண்ணம் துளிகூட இல்லாமல் செய்தார்கள். மதுரைத் தல்லாகுளத்தில் வளர்ந்த நாங்கள் ஊர் சுற்றுவதில் பைத்தியமாக இருந்ததற்கு அதுதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் கருத்துக் கேட்கும் விஷயம். எழுபதுகளில் எங்கள் வீட்டுப் பயணங்கள் அப்பாவுக்கும் அப்பத்தாவுக்கும் இடையே பேசி முடிக்கப்படும். அம்மாவுக்கே கடைசியில்தான் தகவல் வரும். அதுவும் கட்டுச்சோறு கட்ட வேண்டியவள் என்ற முறையில். பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நாங்களாகத் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். பரண் மேலிருந்து பித்தளைக் கூஜா இறங்கி, புளி போட்டுத் துலக்கப்பட்டால் ரயில். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அரை டஜன் எலுமிச்சம்பழமும் வந்தால் மலைப்பாதை, ஆகவே கொடைக்கானல். கொல்லையில் புதுச் சேவல் ஒன்று கட்டப்பட்டிருந்தால் மாசிப் பச்சை, குலசாமி கோயில்.

கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. வாசற்படி தாண்டும் நேரத்தில் "எங்கே போறோம்?" என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது என்பது அப்பத்தாவின் சட்டம். கேட்ட பிள்ளையின் தலையில் ஒரு குட்டு விழும். மொத்தக் குடும்பமும் திரும்பி உள்ளே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பும். ஒரு பிள்ளையை ஒரு விஷயத்துக்காக ஏங்கவைக்க வேண்டுமென்றால் அதை அதனிடமிருந்து ஒளித்துவைப்பதைப் போன்ற உபாயம் வேறில்லை. உளவியல் படிக்காத அப்பத்தாவுக்கு இது தெரிந்திருந்தது.

என் பேரனுக்கு ஏழு வயது. அவனுக்கு வீட்டில் ஓட்டுரிமை உண்டு. போன கோடையில் பெங்களூரிலிருந்து கிளம்புமுன் வாட்ஸ்அப் குழுவில் தேர்தல் நடந்தது. ராமேஸ்வரம், கொடைக்கானல், நீச்சல் குளம் உள்ள ஒரு ரிசார்ட் என்று மூன்று வேட்பாளர்கள். கொடைக்கானலுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று மகன் நினைவூட்டினான். ஒவ்வோர் ஊருக்கும் படங்கள் போட்டார்கள். கடைசியில் பேரனிடம் கைபேசியைக் கொடுத்தார்கள். அவன் படங்களை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அங்க போயி நான் என்ன செய்யணும்?"

"நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம் கண்ணா. ஜாலியா இருந்தாப் போதும்."

"அப்பன்னா எங்க போனாலும் சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். குழுவில் இருந்த எல்லோரும் அதற்கு இதயக்குறி போட்டார்கள்.

அடுத்தது, முன்கூட்டியே தயார்ப்படுத்துதல். இதில் தல்லாகுளத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருந்தது. பயணம் போவது எப்படி என்று காட்டுவதற்காகவே ஆண்டுதோறும் சித்திரையில் ஒருவர் எங்கள் தெருப்பக்கம் வருவார். அழகர்கோயிலிலிருந்து வைகைக்கு இருபது கிலோமீட்டர்ச் சொச்சம். சாயங்காலம் பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெற்றுக் கிளம்பும் கள்ளழகர், அந்த இரவு, மறுநாள் பகல், மறுநாள் இரவு என்று எடுத்துக்கொண்டு, அதற்கடுத்த விடியலில்தான் ஆற்றில் இறங்குவார். வழியில் 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். கூப்பிட்ட இடத்தில் எல்லாம் நிற்பார். யாரும் அவரிடம் கைக்கடிகாரத்தைக் காட்டியதில்லை.

சாமான் செட்டும் அவருக்குக் குறைவில்லை. பின்னால் உண்டியல்கள் வண்டி கட்டிக்கொண்டு வரும். காட்டுவழிக்குக் கண்டாங்கி கட்டி, கையில் கம்போடு கள்ளர் கோலம். தல்லாகுளத்தில் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் திருமஞ்சனமாகி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் சூடிய மாலையை அணிந்து, தங்கக் குதிரை ஏறி ஊருக்குள் போகும்போது பட்டு. பிரயாணத்துக்கு ஒரு உடை, போய்ச் சேர்ந்த பிறகு ஒரு உடை என்று அம்மா எங்களுக்கு எடுத்துவைத்ததற்கும் அதுதான் முன்மாதிரி. தாயாரைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வருகிறாரே என்று நான் ஒருமுறை கேட்டேன். "வீட்டைப் பாத்துக்க ஆள் வேணாமா?" என்றார் அப்பத்தா. அந்தப் பதிலை அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

குடும்பக் காரியத்துக்குக் கிளம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதற்கும் எங்கள் ஊரில் தெய்வ சாட்சி உண்டு. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த அழகர், கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்பது ஊர் சொல்லும் கதை. திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்னால் அவர் தேனூருக்குப் போய்க்கொண்டிருந்தார், நாயக்கர்தான் மீனாட்சி விழா, அழகர் விழா இரண்டையும் ஒன்றாக்கி மதுரைக்குத் திருப்பினார் என்றும் சொல்வார்கள். ஏற்பாடு செய்கிறவர்கள் போகிற வழியை மாற்றுவதும் அந்தக் காலத்திலேயே தொடங்கியிருக்கிறது.

அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மேலூர்ப் பக்கம், நத்தம் பக்கம், மானாமதுரைப் பக்கம் என்று உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். சிலர் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு பிள்ளை குட்டிகளோடு வருவார்கள். திண்ணை, முற்றம், மாடிப்படி என்று எங்கும் ஆள் படுத்திருக்கும். விடிய விடியத் தெருவில் நடமாட்டம். கருப்பசாமி வேடமிட்டவர்கள், தோப்பறையைத் தோளில் மாட்டித் தண்ணீர் பீச்சுகிறவர்கள், செம்பில் சர்க்கரை நிரப்பி வாழையிலை கட்டிச் சூடம் ஏற்றிக் காத்திருக்கும் பெண்கள், மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குழந்தைகள். தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி, ராட்டினமும் மரணக்கிணறும் டெல்லி அப்பளமும். ஊரே பொறாமைப்படும் இடத்தில் எங்கள் வீடு.

ஆனால் எங்களுக்கு அந்த வண்டிக்காரப் பிள்ளைகள் மேல் பொறாமை. அவர்கள் வண்டிக்கு அடியில் வைக்கோல் பரப்பிச் சாக்கு விரித்துத் தூங்கினார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, அச்சாணி இருக்கிறதா என்று பார்ப்பது, லாந்தருக்கு எண்ணெய் ஊற்றுவது என்று ஆளுக்கொரு வேலை வைத்திருந்தார்கள். நாங்கள் தலையணை வைத்து வீட்டுக்குள் படுத்திருந்த சாதாரணப் பிள்ளைகள். "எங்க வண்டி மாட்ட நாந்தேன் ஓட்டியாந்தேன்" என்று என் வயதுப் பையன் ஒருவன் சொன்னபோது அண்ணன் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டான். பயணத்துக்கு எங்களைத் தயார்ப்படுத்தியது அந்த ஒரு வாக்கியம்தான்.

அடுத்து, பொறுப்புகள். எனக்கு ஒரே சமயத்தில் மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. ஜாதக வயது ஒன்று, அது உண்மை. பள்ளிக்கூட வயது ஒன்று. சீக்கிரம் சேர்த்துவிடுவதற்காக அப்பா ஏற்றிவைத்தது. பஸ் வயது ஒன்று; மூன்றுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், பன்னிரண்டு வரை அரை டிக்கெட் என்ற விதியை அனுசரித்து அப்பத்தா இழுத்துப் பிடித்து நிறுத்திவைத்தது. கண்டக்டர் நெருங்கும்போது என்னை மடியில் இழுத்துச் சேலைத் தலைப்பால் போர்த்துவார். போர்த்திய பிள்ளைக்கு வயது குறையும். கண்டக்டர்கள் விவரமானவர்கள், வயதைக் கேட்க மாட்டார்கள். "பாப்பா எந்த கிளாஸ் படிக்குது?" என்பார்கள். "பால்வாடிக்குக்கூடப் போகலை" என்று தெளிவான உச்சரிப்பில் பதில் சொல்லும் அளவுக்கு நான் தேறியிருந்தேன். குடும்பச் செலவில் பங்கெடுத்த பெருமை எனக்கு. இந்தப் பொறுப்பை எந்த நிபுணரும் பட்டியலில் சேர்க்கத் துணிய மாட்டார்.

2022-ல் தமிழக அரசுப் பேருந்துகளில் இலவச வயதை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தினார்கள். அப்பத்தாக்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த பொய்யை அரசாங்கமே விதியாக்கிவிட்டது. ரயில்வே எதிர்த்திசையில் போனது. 2016 ஏப்ரலிலிருந்து, ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். நாங்கள் சட்டப்படியே அரை ஆளாக இருந்தோம். என் பேரன் சட்டப்படியே முழு ஆள். கொண்டாட வேண்டிய முன்னேற்றம்தான். ஆனால் அரை டிக்கெட்டுக்கு இருந்த வேலைகளில் ஒன்றுகூட முழு டிக்கெட்டுக்குக் கிடைக்கவில்லை.

ராமேஸ்வரம் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். தல்லாகுளத்திலிருந்து ஏ.வி. பாலம் வழியாகக் குதிரை வண்டியில் ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் மீட்டர் கேஜ் வண்டி வந்து நிற்பதற்கு முன்பே அண்ணன் சன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்க வேண்டும். துண்டு விழுந்த இடம் நம்முடையது என்பதை அன்றைய சமூகம் ஒப்புக்கொண்டிருந்தது. தம்பி கூஜாவின் காவலன். மூடி தொலைந்தால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டோம் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். நான் உருப்படி எண்ணுகிறவள். ஹோல்டால், டிரங்குப் பெட்டி, வயர் கூடை, புளியோதரைத் தூக்கு, அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி, மஞ்சப்பை, கூஜா, தம்பி. தம்பியும் உருப்படிக் கணக்கில் வருவான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எண்ணி அப்பாவிடம் தலையசைக்க வேண்டும். சிலைமான், திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று நான் கற்ற பூகோளம் எல்லாம் உருப்படி எண்ணிய இடங்களின் பெயர்கள்தான்.

எண்ணிய நேரம் போக மிச்ச நேரம் சன்னல். கரித்தூள் கண்ணில் விழும். அம்மா தலைப்பைச் சுருட்டி ஊதி ஒற்றி எடுப்பாள். மறுபடி தலையை வெளியே நீட்டுவோம். ராமநாதபுரம் தாண்டிப் பனைமரம், உச்சிப்புளியில் தென்னை, மண்டபத்தில் உப்புக் காற்று. பிறகு பாம்பன். 1914-ல் கட்டிய பாலம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பக்கத்தில் இன்று இருக்கும் சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதுவரை அந்தத் தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். வண்டி ஊர்ந்து போகும். கீழே எட்டிப் பார்த்தால் தண்டவாளத்துக்கு அடியில் கடல். பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு காசு எறிவார்கள். எறியச் சொல்லிக் கொடுத்த ஐந்து பைசாவை நான் எறியாமல் வைத்துக்கொண்டது சேதுக்கரைக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பாலத்தின் மேல் போகும்போது எங்கள் வீட்டில் ஒருவர்கூட எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அப்பா பாலத்தைப் பார்த்தார். அப்பத்தா சுவாமியை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர்கள் வாயைப் பிளந்து எதைப் பார்க்கிறார்களோ அது பார்க்க வேண்டிய பொருள்தான் என்று நாங்களும் அதைப் பார்த்தோம்.

போன கோடையில் தேர்தல் முடிவின்படி ராமேஸ்வரம் போனோம். பெங்களூரிலிருந்து அவர்கள் மதுரைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய வந்தே பாரத்தில். கண்ணில் கரி விழாது, காற்றும் வராது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திய பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தது. நாங்கள் போனது அடுத்த மாதம். மருமகள் பேரனுக்கு முன்கூட்டியே பாடம் எடுத்திருந்தாள். மண்டபத்தில் அவன் எனக்கு விளக்கினான்: "அப்பத்தா, நடுவுல இருக்கிற பகுதி எழுபத்திரண்டரை மீட்டர் நீளம். கப்பல் வந்தா அப்படியே பதினேழு மீட்டர் மேல தூக்கும். பழைய பாலம் ரெண்டாப் பிரிஞ்சு திறக்கும், அதை ஆளுங்க கையால திறந்தாங்க." எல்லாம் சரியான தகவல். நாங்கள் பாலத்தைப் பார்த்தோம், ஒன்றும் தெரியாது. அவனுக்கு எல்லாம் தெரியும்.

வண்டி பாலத்தில் ஏறியது. மகன் கைபேசியை உயர்த்தினான். மருமகள் உயர்த்தினாள். கூட வந்த மகளும் மாப்பிள்ளையும் உயர்த்தினார்கள். நான்கு கைபேசியும் கடலைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தன. புதுப் பாலத்தைக் காணும் பிள்ளையின் முகத்தில் தோன்றப்போகும் வியப்பைப் பிடிக்க நான்கு பேர் காத்திருந்தார்கள். "கண்ணா, சூப்பரா இருக்கா?" "இருக்கு." "ஹேப்பியா?" "ஹேப்பி." "இன்னொரு தடவை வாவ் சொல்லு, சரியா விழலை." அவன் சன்னலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நான்கு கைபேசிகளையும் மாறி மாறிப் பார்த்தான். பாலம் முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் நாங்கள் வேடிக்கை பார்த்தோம். இவனைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். தன்னையே காட்சியாக நிறுத்திவைத்த இடத்தில் ஒரு பிள்ளை வேறு எதைப் பார்க்கும்?

பழைய காலம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. பொன் யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டும். அம்மாவிடம் ஒருநாள், எழுபது வயதுக்கு மேல் ஆன பிறகு, "பாம்பன் பாலத்துல போனது ஞாபகம் இருக்காம்மா?" என்றேன். "தம்பி வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கு" என்றாள். அத்தனை முறை போயும் அவள் பார்த்தது தம்பியின் முதுகும் தூக்குச் சட்டியின் அடியும்தான். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு முழுதும் அவள் அடுப்பின் முன்னால். புளிக்காய்ச்சல் கிண்டி, நல்லெண்ணெயில் இட்லியும் பொடியும் தோய்த்து வாழையிலையில் மடித்து, எலுமிச்சைச் சாதத்துக்குத் தாளித்து, எங்களுக்குப் பிடித்த தின்பண்டம் கைவசம் இருக்கும்படி பார்த்துக்கொண்டவள் ரயிலில் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைத் தின்றாள். கொடைக்கானல் மலைப்பாதையில் நாங்கள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு சன்னலைப் பிடித்துக்கொண்டபோது, நடுவில் உட்கார்ந்து மூன்று நெற்றிகளைத் தாங்கிக்கொண்டிருந்தவள் அவள். ஏரி எப்படி இருந்தது என்று கேட்டால், துணி காயவே இல்லை என்பாள்.

என் மருமகள் இட்லிப் பொட்டலம் கட்டுவதில்லை. செயலியில் சொன்னால் ஸ்டேஷனில் சாப்பாடு இருக்கைக்கு வருகிறது. மதுரையிலிருந்து மானாமதுரை வரை அவள் சன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கினாள். அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. ஒரு குடும்பத்துப் பெண் ரயிலில் தூங்குவதற்கு மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. அவள் பட்டியல் வைத்துக்கொள்ளட்டும். பட்டியலைவிடத் தூக்கம் பெரிய சீர்திருத்தம். விழித்திருக்கும்போது மட்டும் பையனைப் பார்க்காமல் வெளியே பார்த்தால் போதும்.

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பிய மறுநாள், மகிழ்ச்சிக்கு ஏற்பாடு செய்த களைப்பில் எல்லோரும் படுத்துக் கிடந்தார்கள். நான் பேரனைக் கூட்டிக்கொண்டு அழகர்கோயிலுக்கு டவுன் பஸ்ஸில் கிளம்பினேன். கதை சொல்லவில்லை, கருத்துக் கேட்கவில்லை. தல்லாகுளம் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "எனக்குக் கண்ணு மங்கல். போர்டு நீதான் படிக்கணும்" என்றேன். பெங்களூர்ப் பள்ளியில் தமிழ் மூன்றாவது பாடமாகக்கூட இல்லை, எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். "அ... ழ... கர்..." என்று அவன் முடிப்பதற்குள் ஒரு பஸ் போயேவிட்டது. இரண்டாவது பஸ்ஸை 'அ' வந்ததுமே கையைக் காட்டி நிறுத்தினான்.

காசை அவன் கையில் கொடுத்திருந்தேன். புதூர் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "தம்பிக்கு என்ன வயசு?" என்றார்.

"இன்னும் அஞ்சு முடியல" என்றது என் வாய். பரம்பரைக் குணம், நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

பேரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏழு. ஒரு ஹாஃப் டிக்கெட் குடுங்க அங்கிள்" என்று நோட்டை நீட்டினான். சீட்டையும் சில்லறையையும் வாங்கி எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எங்கள் இருவரில் காசு கட்டிப் பயணம் செய்கிறவன் அவன். நான் அவனுடைய உருப்படி.

வழிநெடுக இருக்கும் மண்டகப்படி மண்டபங்களை எண்ணிச் சொல் என்று வேலை கொடுத்தேன். மூன்றுமாவடி, சர்வேயர் காலனி, கடச்சனேந்தல், அப்பன் திருப்பதி என்று பஸ் போனது. அவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். மண்டபம் என்று எழுதியிருந்ததை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துச் சேர்த்துக்கொண்டதில், கல்யாண மண்டபங்களும் கணக்கில் ஏறிவிட்டன. ஒரு மண்டபத்தில் அழகருக்கு ஏ.சி. வசதி உண்டா என்று சந்தேகம் கேட்டான். கள்ளந்திரியில் பெரியார் கால்வாயைக் கடந்தபோது எண்ணிக்கையை நிறுத்தி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தேக்கி, மலையைக் குடைந்து கொண்டுவருகிறார்கள் என்றேன். "மலையவா?" என்று திரும்பி ஒருமுறை வாய்க்காலைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து வாவ் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

கோயிலில் அழகர் தோசையை வாங்கி அவன் கையில் கொடுத்து, "குரங்கு பறிக்காமக் கொண்டுவர்றது உன் பாடு" என்றேன். தோசையைச் சட்டைக்குள் விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டாம்படியிலிருந்து பஸ் நிறுத்தம்வரை எதிரி நாட்டைக் கடக்கிற கவனத்தோடு நடந்தான். சட்டை பூராவும் நெய். திரும்பும்போது எனக்குக் கண் அசந்துவிட்டது. தல்லாகுளத்தில் தோளை உலுக்கி எழுப்பி, செருப்பு இருக்கிறதா, பை இருக்கிறதா என்று விசாரித்து இறக்கிவிட்டான்.

வீட்டு வாசலில் மருமகள் கைபேசியோடு நின்றாள். "கண்ணா, ஜாலியா இருந்துச்சா?"

"அதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்? அப்பத்தாவப் பாத்துக்கவே சரியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, நசுங்கிய தோசையை எடுத்து எல்லோருக்கும் பங்குவைத்தான். மிச்சச் சில்லறையை நான் கேட்கவில்லை. ஐந்து பைசா விவகாரம் தெரிந்தவள் அதைக் கேட்பது முறையாகாது.

பெங்களூர் போன பிறகு தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அடுத்த பயணம் பற்றித்தான் பேச்சு. மாசிப் பச்சைக்குக் குலசாமி கோயிலுக்குப் போகும்போது வேனில் சேவலை மடியில் வைத்துக்கொண்டு வருவது தன் பொறுப்பு என்று இப்போதே உறுதி வாங்கியிருக்கிறான். சேவலுக்குத் தாகம் எடுக்குமா, வழியில் எத்தனை தடவை இறக்கிவிட வேண்டும், ஏ.சி. ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் விசாரிக்கிறான். எல்லா ஏற்பாடும் பக்காவாக நடந்துகொண்டிருக்கிறது. சேவலிடம்தான் இன்னும் யாரும் கருத்துக் கேட்கவில்லை.